நல்லது ஒன்று, கெட்டது ஒன்று

“இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடி, தங்கச்சி. தலைகீழா வச்சிருக்கியோ என்னவோ,” என்றார் கர்ப்பப்பை.

நுரை எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். மூச்சுக்குழல் எங்கே இரண்டாகப் பிரியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “நேராத்தான் இருக்குண்ணே. இது கழுத்து. இது தோள்பட்டை. இந்தப் பக்கம் சாஞ்சு இருக்கிறது இதயம்.”

“என் இதயமா அது? இத்தனை பெருசாவா இருக்கு?” என்றான் அவள் புருஷன் பின்னாலிருந்து. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

“பெருசா இருந்து என்ன பண்ண? உள்ளே ஆள் நடமாட்டமே இல்லையே,” என்றாள் கிட்னி.

மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ்களை மூடிவைத்துவிட்டு எல்லோரும் ஜன்னலண்டை வந்து நின்றிருந்தார்கள். அது பள்ளிக்கூடங்களுக்கு உடலுறுப்பு மாதிரிகள் செய்து அனுப்பும் பட்டறை. ஃபைபரில் வார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, பலகையில் நிறுத்தி, எண் ஒட்டி அனுப்புவார்கள். யார் எந்த உறுப்பைப் பார்க்கிறாரோ அதுவே அவருக்குப் பெயர். சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள், கீழே மூத்திரப்பை, இவற்றுக்கெல்லாம் வண்ணம் அடிப்பவள் கிட்னி. அவள் லீவு போட்டால் இன்றைக்கு யாருக்கும் மூத்திரம் பிரியாது என்பார்கள். கர்ப்பப்பை என்பவர் நரைத்த மீசைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கர்ப்பப்பைக்குள் குழந்தையைத் தலைகீழாகப் பொருத்துவது அவர் வேலை. பொருத்தி முடித்ததும் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “பள்ளிக்கூடம் போற, ஒழுங்காப் படி,” என்பார். நுரையீரலுக்கு வண்ணம் அடிப்பவளை முழுசாகக் கூப்பிட நாக்கு வளையாமல் நுரை என்று சுருக்கிவிட்டார்கள். அவள் புருஷன் தேய்ப்பு. எந்த உறுப்பானாலும் அவன் கை பட்டுத்தான் வெளியே போகும். அச்சிலிருந்து எடுக்கும்போது இரண்டு பாதியும் சேர்ந்த இடம் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். உப்புத்தாளால் அதைத் தேய்த்துத் தேய்த்து, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும்.

படத்தில் இருந்தது அவன் நெஞ்சு. பிடித்த இருமல் விடவில்லை என்று அவள்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது. படத்தில் கெட்டது என்று வந்தால் அவன் தேய்ப்பதை விட்டுவிட்டு பேக்கிங் பக்கம் போய்விட வேண்டும். நல்லது என்று வந்தால் அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. முதலாளியும் இதற்குத் தலையாட்டியிருந்தார்.

“சீக்கிரம் தீர்ப்பைச் சொல்லு. வேலை கிடக்கு,” என்றான்.

கெட்டது என்ன நிறம் என்று அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். நுரையீரலை ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒரே பலகையில் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. நல்லதுக்கு வெளிர் ரோஸ் ஒரு பூச்சு, காய்ந்ததும் மேலே வார்னிஷ், அத்தோடு சரி. கெட்டதுக்குத்தான் பாடுபட வேண்டும். முதலில் சாம்பல் நிறம். அதன்மேல் கறுப்பைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். கடைசியில் பழைய டூத் பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து, விரலால் சுண்டிச் சுண்டிப் புள்ளி தெறிக்க வைக்க வேண்டும். நுரை அதில் கைதேர்ந்தவள். ஒரு வாத்தியார் அவள் அடித்த கெட்டதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனசு சரியில்லை என்று வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

படத்தில் மேல்பகுதி இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தது. கீழே பாதிக்குப் பாதி வெள்ளை. மாவைச் சலித்துத் தூவினாற்போல.

“மேலேதான் கொஞ்சம் கறுப்பு,” என்றாள். “கீழே சுத்தமா இருக்கு.”

“குடு இப்படி,” என்று அச்சுக்காரர் வாங்கினார். பட்டறையில் மூத்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “ஆமா. நல்ல வெள்ளை. நாம செய்யற நல்லதைவிட நல்லா இருக்கே.”

“மேலே கறுப்பு இருக்குல்ல? அதுக்கு என்ன சொல்றீங்க?” என்றாள் கிட்னி.

“அது பீடி பிடிச்ச காலத்துக் கறுப்பா இருக்கும். கல்யாணத்துக்கு முந்தி,” என்றார் கர்ப்பப்பை. “அப்புறம் தங்கச்சி வந்து கண்டிச்சதுல கீழே இறங்காம அங்கேயே நின்னுடுச்சு.”

“இவ கண்டிப்புக்கு என் ஈரக்குலையே நடுங்கும். கறுப்பு எம்மாத்திரம்,” என்றான் தேய்ப்பு.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்ன கூட்டம்? புது மாடலா?”

“பழைய மாடல்தான் முதலாளி. ஆனா ஒரே ஆள் ஓட்டினது,” என்றார் அச்சுக்காரர்.

நல்லது என்பவர்கள் கை தூக்குங்கள் என்று கர்ப்பப்பை சொன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். தேய்ப்பு இரண்டு கையையும் தூக்கினான். நுரை படத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

சாயங்காலம் லாரி வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகும் சமயம், ஏற்ற வேண்டியது மலை மாதிரி கிடந்தது. டாக்டரிடம் போக வேண்டுமே என்று அவள் ஒரு தடவை சொன்னாள்.

“இத்தனை பேர் பாத்தாச்சு. அவர் ஒரு ஆள், புதுசா என்ன சொல்லிடப் போறார்? நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நாளை என்பது தள்ளிக்கொண்டே போய், படம் பீரோவின் மேல் போய்ச் சேர்ந்தது. அவன் தேய்க்கும் மேசை இருந்த பின்னறைக்குத் திரும்பினான். வாக்குக் கொடுத்திருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் கதையே தூசியில் ஆரம்பித்ததுதான். அதற்கு முன்னால் அவள் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு வந்த புதிதில் பெயிண்ட் மேசைக்கும் தேய்க்கும் மேசைக்கும் நடுவில் ஒரு மறைப்பும் கிடையாது. அவள் ரோஸ் அடித்துக் காய வைத்த நுரையீரல்களின் மேல் அவன் தேய்த்த தூள் வந்து உட்காரும். ஈரத்தில் ஒட்டிவிட்டால் பிறகு ஊதினாலும் போகாது, துடைத்தாலும் போகாது. சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு, “உங்க தூசியைக் கொஞ்சம் கட்டி வைக்கக் கூடாதா?” என்பது. மறுநாள் அவன் ஒரு துணிப்பையில் தூளை அள்ளி, வாயைக் கட்டி, அவள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தாள். பிறகு சிரித்தாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

கல்யாணம் ஆனால் தூசி நிற்குமா. கடைசியில் அவளே முதலாளியிடம் சண்டை போட்டு, தேய்க்கும் மேசையைப் பின்னறைக்கு மாற்ற வைத்தாள். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் சாக்கைச் செருகினார்கள். அன்றிலிருந்து அவள் பூச்சில் ஒரு துரும்பு விழுந்ததில்லை. அவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பான். மூச்சின் ஆவி மூக்குக் கண்ணாடியில் படிந்து தேய்க்கும் கோடு தெரியாமல் போனால் துண்டை இறக்கிவிட்டுக்கொள்வான். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமும் காது மயிரும் வெளுத்திருக்கும். “பெரியவர் வந்துட்டார், எந்திரிச்சு இடம் குடுங்க,” என்பாள் கிட்னி. குளித்தால் பழையபடி ஆகிவிடுவான்.

உடம்பின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அவள் கற்றுக்கொண்டது பெயிண்ட் டப்பாவிலிருந்துதான். நீலம் உள்ளே போகிறது, சிவப்பு வெளியே வருகிறது. வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இதயத்துக்கு இடம் விட்டு இரண்டு. ஆனால் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது மகள் வயிற்றில் இருந்தபோது. ஏழு மாதத்துக்கு மேல் படி ஏற முடியவில்லை. மேலே மூச்சு முட்டும், கீழே மூத்திரம் முட்டும். நடுவில் ஒருத்தி காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தாள். “உன் ஆள் எங்க ரெண்டு பேர் இடத்தையும் வளைச்சுப் போட்டுட்டா,” என்று கிட்னி கர்ப்பப்பையிடம் சண்டைக்குப் போவாள். தேய்ப்புதான் அப்போது நுரைக்கு வித்தை காட்டினான்.

அது அடிப்பாகம் அறுத்த ஒரு கண்ணாடி ஜாடி. மூடியில் குழாய், குழாயின் முனையில் இரண்டு பலூன். அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் தானாக உப்பும், விட்டால் சுருங்கும். பட்டறையில் அதையும் செய்தார்கள். “பாத்தியா, பலூன் ஒரு வேலையும் செய்யல. ரப்பர் இறங்கி இடம் குடுத்தா காத்து தானா வருது. உன் ரப்பர்மேல இவ காலை வச்சுக்கிட்டு இருக்கா. இறங்க விட மாட்டேங்கறா. வெளியே வந்ததும் எடுத்துடுவா.” அவன் சொன்னபடி ஆயிற்று. மகள் பிறந்த அன்று அவள் இழுத்த முதல் முழு மூச்சு இன்னும் நினைவில் இருந்தது. மகள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

படம் பீரோவின் மேலேயே கிடக்க, மழைக்காலத்துக்குள் அவனுக்கு வீட்டு மாடிப்படி நீளமாகிவிட்டது. பாதியில் நின்று செருப்பு வார் சரியில்லை என்று குனிவான். நல்ல செருப்புதான். அடுத்த வாரம் வேறு செருப்பு வாங்கினான். அதுவும் அதே படியில் சரியில்லாமல் போயிற்று. மூச்சு விடாமல் பேசுகிறவன் என்று பெயரெடுத்தவன், ஒரு பேச்சை இரண்டாக உடைத்துப் பேசினான். பிறகு மூன்றாக. படுத்தால் இருமல் என்று சுவரில் தலையணையைச் சாத்தி உட்கார்ந்தபடியே தூங்கினான். அவள் விழித்துக்கொண்டு அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரப்பர் இறங்கத்தான் செய்தது. வேகவேகமாக இறங்கியது. பலூன்தான் உப்பவில்லை.

ஒரு நாள் பின்னறையிலிருந்து அவன் வெளியே வரவில்லை. கர்ப்பப்பை போய்க் கதவைத் திறந்தபோது, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தான். கையில் பாதி தேய்த்த ஒரு சிறுநீரகம். உதடு நீலம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதால், அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நுரை மட்டும் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். புதியதில் வெள்ளை மேலே ஏறியிருந்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சம்.

“கறுப்பு குறைஞ்சிருக்கு,” என்றாள் நுரை. அவளுக்கு ஒரு கணம் தைரியம்கூட வந்தது.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “அம்மா, கறுப்பாத் தெரியறதுதான் காத்து இருக்கிற இடம். கதிர் தடையில்லாம போனா படம் கறுப்பாகும். எலும்பு பாருங்க, வெள்ளையா இருக்குல்ல? அடைச்சுக்கிட்டு இருக்கிறதெல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். நல்ல நுரையீரல்னா முழுசும் கறுப்பா இருக்கணும்.”

அவள் விலா எலும்புகளைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தன. அவ்வளவு நேரமும் கண்ணெதிரில்தான் இருந்திருக்கின்றன.

“அந்த வெள்ளை தூளா?”

“தூள் இல்லம்மா. தூள் போய் அரிச்சு, புண்ணாகி, ஆறி, தழும்பாயிடுச்சு. உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி சின்னச் சின்னப் பை கோடிக்கணக்குல இருக்கு. அதோட சுவர் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. அது வழியாத்தான் காத்து ரத்தத்துக்குப் போகும். சுவர் தழும்பாகித் தடிச்சுப் போனா காத்து வந்து வாசல்ல நிக்கும், உள்ளே போக முடியாது. அவர் எவ்வளவு இழுத்தாலும் அதான் பத்தல.”

“கழுவ முடியாதா?”

“கிட்னி கெட்டா ரத்தத்தைக் கழுவறதுக்கு மெஷின் இருக்கு. இதைக் கழுவறதுக்கு வழி இல்ல.” டாக்டர் பேனாவை எடுத்தார். “வேலை செய்யற இடத்துல ஜன்னல் இருக்கா?”

“இல்ல.”

“கதவாவது திறந்திருக்குமா?”

“சாத்தியிருக்கும்.”

“ஏன்?”

“பெயிண்ட்ல தூசி விழும்,” என்றாள் நுரை.

டாக்டர் எழுதிக்கொண்டே, முதல் படம் எடுத்தபோதே ஏன் வரவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவள், அப்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

“இருந்த தழும்பு போயிருக்காது. ஆனா வேலையை நிறுத்தியிருந்தா இவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்காது. படி ஏறிக்கிட்டு இருந்திருப்பார்.” பேனாவை மூடினார். “இனிமே ஆக்ஸிஜன் வேணும். வீட்லயே வச்சுக்கலாம். ரொம்ப நாள்னு என்னால சொல்ல முடியாது.”

வெளியே வந்தபோது அவன் பெஞ்சில் இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒருவர் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகும்வரை அவள் காத்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்பு எது, வெள்ளை எது என்று சொன்னாள். அன்றைக்கு ஜன்னலண்டை நின்று பார்த்தது அத்தனையும் தப்பு என்று சொன்னாள். முதலில் சொன்னது தான்தான் என்றும் சொன்னாள்.

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். மூச்சு சேர்க்கிறானா யோசிக்கிறானா என்று தெரியவில்லை.

“ஒருத்தன்கூட... எதிர்த்துக் கை தூக்கலயே,” என்றான். சிரிக்கப் பார்த்தான். அது இருமலில் போய் முடிந்தது. அவள் முதுகைத் தடவினாள். சட்டைக்குள் ஒவ்வொரு எலும்பும் கைக்குத் தட்டுப்பட்டது.

“நான் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு சொல்லியிருக்கலாம்.”

“சொன்னியே. நான்தானே... நாளைக்குன்னேன்.”

“மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றவ நான். அன்னைக்குப் பாத்து ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன்.”

“வாக்குக் குடுத்தே. காப்பாத்துனே.” மூச்சை இழுத்துக்கொண்டான். “அவங்ககிட்ட... சொல்லாதே.”

“யார்கிட்ட?”

“பட்டறையில. படத்தைப் பத்தி. கர்ப்பப்பை... தாங்க மாட்டான். தனி ஆளு. ராத்திரியெல்லாம்... அதையே நினைச்சுக்கிட்டுக் கிடப்பான். அச்சுக்காரருக்கும் வேணாம்.”

“கேப்பாங்களே.”

“தூசி ஒத்துக்கலன்னு சொல்லு. அதுல பொய் இல்ல. பின்னறைக் கதவை... கழட்டச் சொல்லு. அடுத்து வர்றவன் இருக்கான்.”

அவள் தலையாட்டினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கர்ப்பப்பையோடு அழலாம், கிட்னியைக் கட்டிக்கொண்டு அழலாம், அச்சுக்காரரிடம் நீங்களும்தானே பார்த்தீர்கள் என்று சண்டை போடலாம் என்று மனசுக்குள் கட்டி வைத்திருந்தது எல்லாம் இனி இல்லை. ஐந்து பேர் சேர்ந்து செய்ததை அவள் ஒருத்தி வைத்துக்கொள்ள வேண்டும். அவன் இருக்கும் வரைக்கும் இருவர். அதற்குப் பிறகு அவள் மட்டும்.

“இதைத் தனியா வச்சுக்கிற தைரியம் எனக்குக் கிடையாதுங்க,” என்றாள்.

அவன் அவள் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். ஆட்டோவுக்கு வாசல்வரை நடக்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் நின்றார்கள். அவன் செருப்பைக் குறை சொல்லவில்லை.

மறுநாள் அவள் வழக்கம்போல எழுந்து சோறு வைத்தாள். மகளுக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை வருவதாக மகள் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனாள். என்ன சொன்னார்கள் என்று கர்ப்பப்பை கேட்டார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை, இனி வேலைக்கு வர மாட்டார் என்றாள். “இவ்வளவுதானே, வீட்ல ராஜா மாதிரி உக்காந்து சாப்பிடட்டும்,” என்றாள் கிட்னி. அச்சுக்காரர் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். முதலாளியிடம் பின்னறைக் கதவைக் கழற்ற வேண்டும், ஜன்னல் ஒன்று வைக்க வேண்டும் என்றாள். அப்படியானால் பெயிண்ட் மேசையை மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் அவர். ஏற்றிக்கொள்ளலாம் என்றாள். அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மூன்று மணிக்கு வாடகை ஆக்ஸிஜன் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியில் திரும்பும் இடத்தில் சுவரில் இடித்துக் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஸ்விட்ச் தூரத்தில் இருந்ததால் கட்டிலை நகர்த்திப் போட்டார்கள். எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, தண்ணீர் எதுவரை ஊற்றுவது என்று காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மூக்கில் குழாயை மாட்டியதும் அரிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. மெஷின் ஓடும் சத்தத்தில் டி.வி. கேட்கவில்லை என்று அதை அணைத்தார்கள். ராத்திரி இரண்டு வாய் சாப்பிட்டான். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான்.